மகளுக்காக வாங்கும் வீட்டில் இன்னொருவர் குடியிருக்கிறார்

கேள்வி: வணக்கம். நாங்கள் பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் பல வருடங்களாக இருக்கிறோம். மகளுக்கு ஃபிலடெல்ஃபியாவில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதிச் செலவைப் பார்த்துவிட்டு, வளாகத்துக்குப் பக்கத்தில் மாண்டுவா என்ற பகுதியில் மூன்று படுக்கையறை கொண்ட பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கலாம் என்கிறார் கணவர். மகளோடு மூன்று தோழிகள் தங்கினால் அவர்களுடைய வாடகையிலேயே கடன் தவணை போய்விடும், நான்கு வருடம் கழித்து விற்றால் லாபம் என்று ஏஜென்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வீட்டைப் பார்க்கப் போனபோது, ஒரு வயதான அம்மாவும் அவருடைய பேரனும் அங்கே நெடுநாளாக வாடகைக்கு இருப்பது தெரிந்தது. "கவலைப்படாதீர்கள், வீடு கைமாறும் க்ளோஸிங் தேதிக்குள் காலி செய்து கொடுத்துவிடுவார்கள்" என்கிறார் ஏஜென்ட். "அந்த வீடு எனக்கு வேண்டாம். பல்கலைக்கழகம்தான் அந்த மக்களைத் துரத்துகிறது, நாமும் அதில் சேர வேண்டுமா?" என்று மகள் சண்டை போடுகிறாள். "நாம் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கத்தான் போகிறார்கள்" என்கிறார் கணவர். ஒரு பல்கலைக்கழகம் வளர்வதற்கும் யாரோ ஒருவர் வீட்டை இழப்பதற்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அம்மாவைக் காலி செய்ய வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டில் இந்த வீட்டை வாங்காதீர்கள். உங்கள் மகள் சொல்வது சரி. உங்கள் கணவரின் வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. சந்தை எப்படி நடக்கிறது என்பதை அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தச் சந்தை எப்படி உருவானது, உங்கள் கையெழுத்து அதில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு நீங்கள் மூவரும் பேசினால் வீட்டில் சண்டை குறையும் என்று நினைக்கிறேன். வீட்டுவசதித் திட்டமிடல் என் தொழில். அதனால் இந்தப் பகுதியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த வீட்டிலிருந்து தெற்கே மார்க்கெட் தெருவை நோக்கி நடந்தால் ஆராய்ச்சிக் கூடங்களும் கண்ணாடிக் கட்டடங்களும் வரும். 1960-களின் தொடக்கம் வரை அங்கே பிளாக் பாட்டம் என்று அதன் மக்கள் அழைத்த குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் கருப்பினக் குடும்பங்கள். வசதியான இடமல்ல, பல வீடுகள் பழுதாகிக் கிடந்தன. கருப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கு வங்கிகள் கடன் தர மறுத்துவந்த காலம் அது. கடன் கிடைக்காத இடத்தில் கூரையை யார் மாற்றுவார்கள்? ஆனாலும் தலைமுறையாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் வாழ்ந்த தெருக்கள் அவை.

1959-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் (ஊரில் எல்லோரும் 'பென்' என்பார்கள்), ட்ரெக்ஸல், அக்கம்பக்கத்து மருத்துவ நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து மேற்கு ஃபிலடெல்ஃபியா கார்ப்பரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டு ஒன்றிய அரசின் வீட்டுவசதிச் சட்டத்தில் 112 என்ற பிரிவு சேர்ந்தது. இந்தப் பிரிவைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் விஷயத்தின் மையம் அதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு நகரம் பழைய பகுதிகளை இடித்துக் கட்ட விரும்பினால், செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒன்றிய அரசு கொடுக்கும், மீதியை நகரம் போட வேண்டும். 112-ஆம் பிரிவு வந்த பிறகு, பல்கலைக்கழகம் தன் வளாகத்தை ஒட்டி நிலம் வாங்கச் செலவிட்ட பணத்தையே நகரம் தன் பங்காகக் காட்டிக்கொள்ளலாம். அதாவது நகரம் கையிலிருந்து காசு போடாமலேயே ஒன்றிய அரசின் நிதியைப் பெறலாம். சிகாகோ பல்கலைக்கழகம் முன்னின்று கேட்டு வாங்கிய சலுகை இது. பல்கலைக்கழகம் உள்ள எந்த நகரத்துக்கும் அதன் பக்கத்திலுள்ள ஏழைக் குடியிருப்பை இடிப்பது மிக மலிவான வேலையாகிவிட்டது.

ஃபிலடெல்ஃபியாவின் மறுவளர்ச்சி ஆணையம் பிளாக் பாட்டத்தைச் சீர்கெட்ட பகுதி என்று அறிவித்து, கட்டாயக் கையகப்படுத்தல் அதிகாரத்தைக் கொண்டு வீடுகளை எடுத்தது. ஏறத்தாழ 5,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சொந்த வீட்டுக்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் சீர்கெட்டது என்று முத்திரை விழுந்த பிறகு ஒரு வீட்டுக்கு என்ன விலை போட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு இருந்தவர்கள் நிலை அதைவிட மோசம். அரசு நிதியில் நடக்கும் திட்டங்களால் இடம் பெயர்பவர்களுக்கு முறையான உதவியை உறுதி செய்யும் ஒன்றியச் சட்டம் 1970-இல்தான் வந்தது. அதற்குள் இடிப்பு முடிந்துவிட்டது. காலியான நிலத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக நகர அறிவியல் மையம் வளர்ந்தது.

அன்றைக்கும் உங்கள் மகளைப் போன்றவர்கள் இருந்தார்கள். 1969 பிப்ரவரியில் பென் மாணவர்கள் காலேஜ் ஹால் என்ற முதன்மைக் கட்டடத்தில் ஆறு நாள் உட்கார்ந்து போராடினார்கள். இடித்த வீடுகளுக்கு ஈடாகக் குறைந்த வாடகை வீடுகள் கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது, பகுதி மக்களையும் சேர்த்து ஒரு குழு அமைந்தது. ஆனால் வாக்குக் கொடுத்த அளவுக்கு வீடுகள் எழும்பவே இல்லை. பிளாக் பாட்டத்தில் வளர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஃபேர்மவுண்ட் பூங்காவில் ஒன்றுகூடுகிறார்கள். அவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்க ஊர் இல்லை, அதனால் பூங்காவில் கூடுகிறார்கள்.

சரி, இது அறுபது வருடக் கதை, இப்போது யாரும் புல்டோசர் கொண்டு வருவதில்லையே என்று உங்கள் கணவர் கேட்கலாம். உண்மைதான். இப்போது நடப்பது வேறு வகை. இதைத்தான் ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள்: வருமானம் அதிகமுள்ளவர்கள் ஒரு பகுதிக்கு வரத் தொடங்க, விலையும் வாடகையும் சொத்து வரியும் ஏறி, அங்கேயே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவது. இதற்கு யாரும் ஆணை போட வேண்டியதில்லை. ஆனால் இது தானாகவும் நடப்பதில்லை.

பென்னையே எடுத்துக்கொள்வோம். 1990-களில் வளாகத்தைச் சுற்றிக் குற்றங்கள் பெருகி, பெற்றோர் பிள்ளைகளை அனுப்பப் பயந்த நிலை இருந்தது. 1994-இல் தலைவராக வந்த ஜூடித் ராடின், சுற்றுப்புறத்தை மேம்படுத்தும் பெரிய திட்டம் ஒன்றை எடுத்துச் செய்தார். தெருவிளக்கு, கூடுதல் பாதுகாப்பு, கடைகள், பக்கத்தில் வீடு வாங்கும் ஊழியர்களுக்குப் பண உதவி எல்லாம் வந்தன. 2001-இல் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு பென் அலெக்சாண்டர் என்ற அரசுப் பள்ளி திறந்தது. மிக நல்ல பள்ளி. ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் கூடுதல் பணம் கொடுக்கிறது. அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் விலை விறுவிறுவென்று ஏறியது. 2013 ஜனவரியில் மழலையர் வகுப்புப் பதிவுக்காகப் பெற்றோர்கள் நாட்கணக்கில் முன்பே குளிரில் வரிசையில் நின்றார்கள். கடைசியில் பள்ளி மாவட்டம் வரிசையைக் கலைத்துக் குலுக்கல் முறைக்கு மாற வேண்டியதாயிற்று.

இதில் எதை வேண்டாம் என்று சொல்ல முடியும்? விளக்கு வேண்டாமா, பள்ளி வேண்டாமா? அந்தப் பகுதி ஏழைக் குடும்பங்களும் இதையெல்லாம் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என் வருத்தம் வேறு. மேம்பாடு வந்தால் விலை ஏறும் என்பது இந்தத் துறையில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த விஷயம். விலை ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் நிலத்தை ஒதுக்கி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நிரந்தரமாக வாடகை கட்டுப்பட்ட வீடுகளைக் கட்டியிருந்தால், அந்தப் பள்ளியில் அந்தப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். நிலமும் பணமும் பல்கலைக்கழகத்திடம் இருந்தன. ஊழியர்களை வரவழைக்க உதவித் திட்டம் போட்டவர்கள், இருந்தவர்களை இருக்க வைக்க அதே அளவு திட்டம் போடவில்லை. இதை ஒரு தேர்வு என்றுதான் நான் சொல்வேன், தவிர்க்க முடியாத விளைவு என்று சொல்ல மாட்டேன்.

ராடினிடம் நிர்வாகத் துணைத் தலைவராக இருந்த ஜான் ஃப்ரை 2010-இல் ட்ரெக்ஸலின் தலைவரானார். பென்னின் அனுபவத்தைப் பார்த்துக் கற்றவர் என்பதால் சுற்றுப்புற மக்களைப் பற்றி நிறையப் பேசினார், மக்களுக்கான ஒரு மையத்தையும் திறந்தார். அதே காலத்தில் வளாகத்தைச் சுற்றிக் கட்டுமானமும் மிகப் பெரிய அளவில் தொடங்கியது. ஸ்கூல்கில் யார்ட்ஸ் என்ற திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டபோது 14 ஏக்கர், 350 கோடி டாலர் என்றார்கள். யுனிவர்சிட்டி சிட்டி உயர்நிலைப் பள்ளி 2013-இல் மூடப்பட்டது. பிறகு அந்த நிலம் விற்கப்பட்டு, பள்ளி இடிக்கப்பட்டு, இன்னொரு ஆராய்ச்சி வளாகத்தின் பகுதியானது. அந்தப் பள்ளி நின்றதே பிளாக் பாட்டத்தை இடித்த நிலத்தில்தான்.

மாண்டுவாவை நேரடியாகத் தாக்கியது இந்தக் கோபுரங்களைவிட ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த அதே கணக்கு. 1990-களின் பிற்பாதியிலிருந்து ட்ரெக்ஸலின் மாணவர் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது, விடுதிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. மாணவர்கள் முதலில் பக்கத்துப் பகுதியான பவல்டனுக்கும் பிறகு மாண்டுவாவுக்கும் வந்தார்கள். ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தால் வீட்டுக்கு ஒரு வாடகை, அதைக் கொடுப்பது பெரும்பாலும் ஒருவருடைய சம்பளம். மாணவர்கள் வந்தால் அறைக்கு ஒரு வாடகை, ஒவ்வோர் அறைக்குப் பின்னாலும் ஒரு பெற்றோரின் வருமானமோ கல்விக் கடனோ இருக்கிறது. மூன்று அறை வீட்டில் ஒரு பாட்டி மூன்று மாணவர்களோடு போட்டி போட முடியாது. அவர் ஒழுங்காக வாடகை கட்டினாரா, வீட்டை எப்படி வைத்திருந்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

சொந்த வீட்டுக்காரர்களுக்கும் வேறு வழியில் நெருக்கடி வருகிறது. பக்கத்து வீடு மாணவர் வாடகைக் கணக்கில் விற்றால், அடுத்த மதிப்பீட்டில் இவர் வீட்டின் மதிப்பும் ஏறும், வரியும் ஏறும். நீண்டகாலச் சொந்தக்காரர்களுக்கு வரிச் சலுகைத் திட்டங்களை நகரம் வைத்திருக்கிறது. ஆனால் வீட்டுப் பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் அந்தச் சலுகையை எளிதில் பெற முடியாது. 2021-இல் வெளியான பியூ அறக்கட்டளையின் ஆய்வு, ஃபிலடெல்ஃபியாவில் இப்படி உரிமை சிக்கிக் கிடக்கும் வீடுகள் 10,000-க்கும் மேல் என்று கணக்கிட்டது. 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்' என்று தபாலட்டை அனுப்பும் தரகர்கள் முதலில் குறிவைப்பது இவர்களைத்தான். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2020-இல் அப்படிப்பட்ட தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று நகர மன்றம் சட்டம் கொண்டுவந்தது.

அப்புறம் வரி. பல்கலைக்கழகம் லாப நோக்கமற்ற நிறுவனம் என்பதால் கல்விக்குப் பயன்படும் அதன் சொத்துகளுக்குச் சொத்து வரி கிடையாது. ஃபிலடெல்ஃபியாவில் சொத்து வரியில் பாதிக்கும் மேல் அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது. ஆக, வளாகம் விரிந்து வரியில்லா நிலம் கூடக்கூட, பள்ளிகளுக்கான பாரம் மற்றவர்கள் தலையில் ஏறுகிறது. நியூ ஹேவன் நகரத்துக்கு யேல் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தானாக முன்வந்து பணம் கொடுக்கிறது, 2021-இல் ஆறு ஆண்டுகளுக்கு 13.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்தார்கள். பென், பல ஆண்டுகளாக வரிக்கு ஈடான தொகையைத் தர மறுத்தே வந்திருக்கிறது. நீண்ட அழுத்தத்துக்குப் பிறகு 2020-இல், பள்ளிக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸையும் ஈயத்தையும் அகற்றப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. நல்ல உதவி, ஆனால் அது நன்கொடை. நன்கொடை எவ்வளவு, எப்போது வரும் என்பதைக் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். வரி அப்படியல்ல.

உங்கள் மகள் கோபத்தோடு பேசுவதற்கு அண்மைக் காரணம் ஒன்றும் இருக்கலாம். 40-ஆவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் யுனிவர்சிட்டி சிட்டி டவுன்ஹோம்ஸ் என்று 70 வீடுகள் இருந்தன. ஒன்றிய அரசின் மானியத்தால் வாடகை குறைவாக இருந்த வீடுகள். அதுவும் பழைய பிளாக் பாட்டம் நிலம்தான். சுற்றிலும் நில விலை எகிறியபோது, 2021-இல் உரிமையாளர் மானிய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். குடியிருந்தவர்கள் 2022 கோடையில் அங்கேயே கூடாரம் போட்டுப் போராடினார்கள். பென், ட்ரெக்ஸல் மாணவர்கள் பலர் அவர்களோடு சேர்ந்தார்கள். 2023-இல் ஒரு சமரசம் வந்தது: வெளியேறிய குடும்பங்களுக்காக 35 லட்சம் டாலர், 70 மலிவு வீடுகள் கட்டுவதற்காக நிலத்தில் ஒரு துண்டு நகரத்துக்கு. குடும்பங்கள் வெளியேறத்தான் செய்தன. ஆனாலும் ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டிய இடத்தில் இவ்வளவாவது மீண்டது அவர்கள் விடாமல் நின்றதால்தான். அதே காலத்தில் நகர மன்ற உறுப்பினர் ஜேமி கோட்டியர் கொண்டுவந்த விதிப்படி, மேற்கு ஃபிலடெல்ஃபியாவின் சில பகுதிகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டுபவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மலிவு வீடாக ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள நகரங்கள் எல்லாம் இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். நாம் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்குவார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் விற்பவர் கேட்கும் விலையை எடுத்துப் பாருங்கள். அந்த அம்மா கொடுக்கும் வாடகையை வைத்து அந்த விலை வந்திருக்காது. மாணவர்கள் அறை அறையாகக் கொடுக்கப் போகும் வாடகையை வைத்து வந்திருக்கும். அதாவது, அவர் வெளியேறப் போகிறார் என்பது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்த விலையை நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்த வெளியேற்றத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். அதற்குப் பிறகு 'காலி செய்தது பழைய உரிமையாளர், நாங்கள் அல்ல' என்று சொல்வதில் பொருளில்லை. வேறு ஒருவர் அதே விலைக்கு வாங்கினால் அது அவருடைய செயல். உங்களிடம் கேட்கப்படுவது உங்கள் ஒப்பந்தத்தில் 'காலியாக ஒப்படைக்க வேண்டும்' என்ற வரி இருக்க வேண்டுமா என்பதுதான். பிளாக் பாட்டத்தில் வெளியேற்றத்துக்கு ஒரு ஆணையம் கையெழுத்துப் போட்டது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பம் கையெழுத்துப் போடுகிறது.

கொஞ்சம் நடைமுறை பேசுவோம். ஏஜென்ட்டின் கணக்கில் பல ஓட்டைகள் தெரிகின்றன.

முதல் ஓட்டை, உங்கள் மகள் நான்கு வருடமும் அந்த வீட்டில் இருப்பாள் என்பது. ட்ரெக்ஸலில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியிலோ அதோடு இணைந்த வளாகக் குடியிருப்பிலோ தங்க வேண்டும் என்ற விதி இருந்துவருகிறது. பெற்றோர் வீட்டிலிருந்தே வந்து படிப்பவர்களுக்கும் இன்னும் சிலருக்கும் விலக்கு உண்டு. வீட்டைப் பற்றி ஒரு அடி எடுத்து வைப்பதற்கு முன் விடுதி அலுவலகத்தில் கேட்டு, மகள் சேரும் ஆண்டுக்கான விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பென்னும் 2021-இலிருந்து இரண்டு ஆண்டு விதியைக் கொண்டுவந்திருக்கிறது. மாணவர் வசதிக்காக என்று சொன்னாலும், சுற்றுப்புறத்துக்குப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் இதுதான் என்பது என் கருத்து: தன் மாணவருக்குத் தானே இடம் கட்டு.

மகளும் மூன்று தோழிகளும் என்கிறீர்கள், நான்கு பேர். ஒரு குடும்பத்துக்கான வீட்டில் உறவில்லாதவர்கள் மூன்று பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது நகர மண்டல விதி. மாண்டுவாவில் இதைப் பற்றிப் புகார் கொடுக்க அக்கம்பக்கத்தார் தயங்க மாட்டார்கள், அவர்களுக்கு அதற்கான காரணமும் இருக்கிறது. வாடகை வாங்க வேண்டுமானால் வாடகை உரிமமும், வீடு குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழும், ஈய வண்ணப்பூச்சு ஆபத்தில்லை என்ற சான்றும் வேண்டும். இவை எல்லாம் கணக்கில் இருந்தனவா என்று பாருங்கள். கடன் விண்ணப்பத்தில் 'நாங்களே குடியிருப்போம்' என்று எழுதினால் வட்டி குறையும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள், அது மோசடி.

'க்ளோஸிங் தேதிக்குள் காலி செய்துவிடுவார்கள்' என்பது அவ்வளவு சுலபமும் அல்ல. வீடு கைமாறினால் இருக்கும் வாடகை ஒப்பந்தம் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். ஓராண்டுக்கும் குறைவான ஒப்பந்தத்தில் இருப்பவரை வெளியேற்ற ஃபிலடெல்ஃபியாவில் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். வாடகை பாக்கிக்காக நீதிமன்றம் போவதற்கு முன் சமரசத் திட்டத்தில் பங்கெடுக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டவிரோதம். இவ்வளவு இருந்தும் ஏஜென்ட் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்றால், அந்த அம்மாவுக்கு அவருடைய உரிமை தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பென்சில்வேனியாவில் வாடகை உச்சவரம்புச் சட்டம் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை இரட்டிப்பாக்கி அனுப்பிவிடலாம் என்பது வழக்கமான வழி, அதற்கு வழக்குகூடத் தேவையில்லை.

உங்களுக்கு உண்மையிலேயே ஒரு வீட்டில் முதலீடு செய்ய விருப்பம் இருந்தால், குடியிருப்பவரோடு சேர்த்தே வாங்கலாம். அதற்கு அந்த அம்மாவின் தற்போதைய வாடகையை அடிப்படையாக வைத்து ஒரு விலை சொல்லுங்கள். வீட்டைச் சரிபார்க்க ஒரு பரிசோதகரை அனுப்புங்கள். கூரை, குழாய், ஹீட்டர் எல்லாம் செய்ய வேண்டியிருக்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருக்கு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து, ஆண்டுக்கு எவ்வளவு வாடகை ஏறும் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். அவரிடம் அரசின் வாடகை உதவிச் சீட்டு இருந்தால் அதைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது, நகரச் சட்டம் அதைத் தடை செய்கிறது. லாபம் ஏஜென்ட் சொன்ன அளவுக்கு வராது. விற்பவர் உங்கள் விலைக்கு ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அப்படியானால் விட்டுவிடுங்கள். வீடு வாங்குவதற்கு மாண்டுவா ஒன்றுதான் இடமா? எக்ஸ்டனிலிருந்து நகரத்துக்கு ரயில் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் பக்கத்திலேயே யாரையும் எழுப்பாமல் வாங்கக்கூடிய வீடுகள் இருக்கும்.

மகளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அவள் இந்த வீட்டில் தங்க மறுப்பது நல்ல காரியம். ஆனால் மூன்றாம் ஆண்டில் விடுதியை விட்டு வெளியே வீடு தேடும்போது, அவள் வாடகைக்கு எடுக்கும் அறையும் இதே கணக்கில் உருவானதாக இருக்கலாம். தனி ஒரு மாணவியால் அதை முழுக்கத் தவிர்க்க முடியாது, அதற்காக அவள் குற்றவுணர்ச்சியில் வாட வேண்டியதும் இல்லை. மாணவர்களுக்கென்றே கட்டிய அடுக்ககங்களில் இடம் தேடட்டும், வரிசை வீடுகளைக் குடும்பங்களுக்கு விட்டுவைக்கட்டும். மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு விடுதி இடம் தருவதுபற்றிப் பல்கலைக்கழகத்திடம் கேட்கும் மாணவர்களோடு சேரட்டும். கல்விக் கட்டணம் கட்டுகிற பெற்றோராகிய நீங்களும் அதையே கேட்கலாம். அப்படிக் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு, அதனால் உங்கள் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

அந்த அம்மாவை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். இனி ஏஜென்ட் மூலமாக அவருக்கு எந்தச் செய்தியும் போகவேண்டாம். வீடு விற்பனைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால், குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வாதாடும் கம்யூனிட்டி லீகல் சர்வீசஸ் போன்ற அமைப்பிடம் அவர் போக முடியும். வெளியேற்ற வழக்குகளில் வாடகைக்காரருக்கு இலவச வழக்கறிஞர் தரும் சட்டத்தையும் நகரம் 2019-இல் நிறைவேற்றியது. அஞ்சல் குறியீடு வாரியாக அது விரிந்துவருகிறது. நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு வரலாம். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏஜென்ட்டுக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். தற்போதைய வாடகை ஒப்பந்தத்தின் நகல், வாடகை உரிமம், ஈயச் சான்று மூன்றையும் கேளுங்கள். குடியிருப்பவர் தொடர்ந்து இருப்பார் என்ற அடிப்படையில் மட்டுமே விலை பேசுவோம் என்று எழுதுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணமாக ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.